பறக்கத்து: களத்திலிருந்து கபுறடி வரை

எங்கட வாப்பாட வாப்பா சூடடித்து முடிந்து நெல் அளக்கத் தொடங்கினால், முதல் மரைக்காலை ‘ஒண்டு’ என்று எண்ணமாட்டார். ‘பறக்கத்து’ என்பார். அடுத்ததுதான் ‘ரெண்டு’. அளந்து முடியும் வரைக்கும் களத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சின்ன வயதில் நான் ஏதோ கேட்டு அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். “அளக்கக்குள்ள கதைக்கப்படாது மகன், பறக்கத்து போயிரும்.”

அவர் குர்ஆனை முப்பது ஜுஸ்உவும் பார்த்து ஓதக்கூடியவர். ஒரு வசனத்துக்குக் கருத்துக் கேட்டால், “அத லெப்பையிட்ட கேளு” என்று விடுவார். ஆனால் அந்த வேதத்தில் வருகிற ‘பரகத்’ என்ற சொல்லைத் தன் வயலில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு நம் வீடுகளில் மூன்று நான்கு தமிழ்த் தர்ஜமாக்கள் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் அதைவிடவும் கூட. ஆனால் பறக்கத்து என்ற சொல்லை இப்போது நாம் அதிகமாகக் கேட்பது, இந்த ஸூராவை இத்தனை தடவை ஓதினால் கடை வியாபாரம் பெருகும், இந்த ஆயத்தை எழுதி வைத்தால் காசு தேடி வரும், ஆழ்மனதில் செல்வத்தை நினைத்துக்கொண்டு ஓதினால் செல்வம் ஈர்க்கப்படும் என்கிற மாதிரியான பேச்சுகளில்தான்.

வேதத்தை உள்ளத்துக்கு வழிகாட்டியாக வாசிப்பது நம் மூதாதையர் அறியாத புதுச் சங்கதியல்ல. வேதம் செழிப்பைப் பற்றிப் பேசுகிறது என்பதும் புதிதல்ல. இவை இரண்டும் ஓட்டமாவடியைச் சூழவுள்ள நம் பிரதேசத்தில் எப்படி வாசிக்கப்பட்டு வந்தன, எங்கே வழி மாறின என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓதப்பள்ளியும் அரபுத் தமிழும்

கிழக்கு முஸ்லிம்களின் குடியேற்றத்தைப் பற்றிப் பேசும் வரலாற்றாசிரியர்கள், 1626இல் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றியதை ஒரு முக்கிய கட்டமாகச் சொல்வார்கள். அதில் நாலாயிரம் பேர் வரையில் மட்டக்களப்புப் பகுதிக்கு வந்தார்கள் என்பது வழங்கிவரும் கணக்கு. அதற்கு முன்பே இங்கு முஸ்லிம் குடிகள் இருந்தன என்போரும் உண்டு. எப்படியிருந்தாலும், வாவியை ஒரு பக்கமும் வயலை மறுபக்கமும் வைத்து வாழ்ந்த இந்த மக்கள் ஷாபிஈ மத்ஹபையும் தாய்வழிக் குடிமுறையையும் ஒன்றாகக் கைக்கொண்டு, ஊருக்கு ஊர் பள்ளிவாசலும் ஓதப்பள்ளியும் அமைத்துக்கொண்டார்கள். மட்டக்களப்பு–திருகோணமலை வீதி வாழைச்சேனை வாவியைக் கடக்கிற இடத்தில் உள்ள ஓட்டமாவடியும், அதையொட்டிய மீராவோடை, மாவடிச்சேனை போன்ற ஊர்களும் இந்த அமைப்பில் உருவானவையே.

ஓதப்பள்ளியில் பிள்ளை முதலில் பலகையைத்தான் காணும். அலிஃப் எழுதிய பலகை. அதிலிருந்து எழுத்துக்கூட்டி, ‘அம்ம’ ஜுஸ்உ பாடமாக்கி, பிறகு குர்ஆன் தமாம் செய்வது வரை எல்லாம் ஓதல்தான். கருத்துச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. இதைப் பார்த்துத்தான், ‘நம் முன்னோர் குர்ஆனைக் கிளிப்பிள்ளை மாதிரி ஓதினார்கள்’ என்று பின்னால் வந்த நாம் முடிவு கட்டிவிட்டோம். பாதி உண்மை. மறுபாதி அரபுத் தமிழில் இருக்கிறது.

அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையே அரபுத் தமிழ். அரபியில் இல்லாத ப, ச, ட போன்ற தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அதை ஆக்கிக்கொண்டார்கள். ஓதப்பள்ளிக்கு மட்டும் போன ஒரு பெண்பிள்ளை, தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமலேயே இந்த எழுத்தின் வழியாகத் தமிழை வாசித்தாள். தொழுகை, நோன்பு, சக்காத்து, குடும்ப ஒழுங்கு எல்லாம் இந்த எழுத்தில் வீட்டுக்குள் வந்தன. 1816இல் பிறந்து 1898இல் மறைந்த கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இலங்கைக்குத் திரும்பத் திரும்ப வந்து பள்ளிவாசல்களும் தைக்காக்களும் உருவாகக் காரணமாக இருந்தவர்கள். அவர்களுடைய ‘மஙானீ’, ‘பத்ஹுத் தய்யான்’ ஆகிய இரண்டும் இந்நாட்டு முஸ்லிம் வீடுகளில் நெடுங்காலம் மார்க்கச் சட்டத்துக்குக் கைநூலாக இருந்தன. பேருவளை ஷெய்கு முஸ்தபா வலியுல்லாஹ் அவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே குர்ஆனுக்கு அரபுத் தமிழில் விரிவுரை எழுதினார்கள். ஆகவே, அச்சிட்ட தமிழ்த் தர்ஜமா வரும் வரைக்கும் நம் மக்களுக்குக் குர்ஆனின் கருத்தே எட்டவில்லை என்பது சரியல்ல. புத்தகமாகக் கைக்கு வருவதற்கு முன், ஆலிமின் வாயாலும், வீட்டுப் பெண்களின் வாசிப்பாலும், களத்துப் பழக்கத்தாலும் அது வந்துகொண்டுதான் இருந்தது.

இந்த ஆலிம்களின் பின்புலத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நிற்கிறார்கள். 1111இல் மறைந்த அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ ஷாபிஈ மத்ஹபுக்காரரான நம்மவர்களுக்கு மிக நெருக்கமான நூல். குர்ஆன் ஓதும் ஒழுக்கத்துக்கென்று அதில் தனியே ஒரு பகுதியுண்டு. வுளூ, கிப்லா, ஓதும் அளவு போன்ற வெளி ஒழுக்கங்களைச் சொன்ன பிறகு, உள்ளத்தின் வேலைகள் என்று பத்து விடயங்களை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். பேசுகிறவன் யார் என்பதை உணர்வது, உள்ளம் அங்கே இருப்பது, நிறுத்தி யோசிப்பது என்று அந்த வரிசை போகிறது.

அந்தப் பத்தில் இரண்டு இன்றைக்கும் நம்மைத் தைக்கக்கூடியவை. கருத்தை மறைக்கும் திரைகளை அகற்றுவது ஒன்று. எழுத்தை அதன் இடத்திலிருந்து மொழிவதிலேயே முழுக் கவனமும் போய், கருத்தில் கவனம் இல்லாமற் போவதையும் அவர்கள் ஒரு திரையாகவே எண்ணுகிறார்கள். தஜ்வீதை அவர்கள் குறைத்துப் பேசவில்லை. அதோடு நின்றுவிடுவதையே சொல்கிறார்கள். மற்றது, ஓதுகிறவர் ஒவ்வொரு வசனமும் தன்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொள்வது. பிர்அவ்னைப் பற்றி ஓதும்போது பக்கத்து வளவுக்காரனை நினைக்காமல் தன்னை நினைப்பது. வேதத்தை உள்ளுணர்வின் வழிகாட்டியாக வாசிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கவனித்துப் பாருங்கள், இந்தப் பத்திலே ஒன்றுகூட ஓதியவருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியதல்ல.

களத்தில் நடந்த வாசிப்பு

மட்டக்களப்பு உழவர்களிடையே, தமிழரானாலும் முஸ்லிமானாலும், களம் என்பது செருப்போடு மிதிக்கும் இடமல்ல. சூடடித்துக் குவிந்த நெல்லைப் ‘பொலி’ என்பார்கள். பொலிதல் என்றால் பெருகுதல். அயலிலுள்ள தமிழ் உழவரின் பொலியும் எங்கட பறக்கத்தும் ஒரே களத்து நம்பிக்கையின் இரண்டு சொற்கள். ஆனால் முஸ்லிம் உழவருக்கு அந்தப் பெருக்கத்தோடு ஒரு கடமையும் சேர்ந்தே வந்தது. அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிடும்படி ஸூரா அல்அன்ஆமின் 141ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

அந்த உரிமை எவ்வளவு என்பதை ஹதீஸ் சொன்னது. பிக்ஹு நூல்கள் விரித்தன. மழையாலோ தானாக ஓடிவரும் நீராலோ விளைந்தால் பத்திலொன்று. இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதிலொன்று. ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ எட்டினால்தான் கடமை. ஷாபிஈ மத்ஹபில், சேமித்து வைத்து உண்ணும் பிரதான உணவுத் தானியத்துக்குச் சக்காத்து உண்டு என்பதால் நம் நெல் தப்பாது. இந்தக் கணக்கைச் சும்மா சட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதற்குள் ஒரு பார்வை இருக்கிறது. உன் உழைப்புக் கூடினால் நீ கொடுப்பது குறையும். வானத்தின் பங்கு கூடினால் நீ கொடுப்பது கூடும். உன்னுடையது எது, உனக்குத் தரப்பட்டது எது என்று ஒவ்வொரு போகமும் உழவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பள்ளிக்கு ஒதுக்கினது, ஓதிக்கொடுத்த லெப்பைக்கு, ஒஸ்தா மாமாவுக்கு, வெறுங்கடகத்தோடு வந்து ஓரமாக நிற்கும் விதவைக்கு என்று களத்திலேயே பிரியும். எல்லாமே சக்காத்து அல்ல. கூலியும் உண்டு, ஸதக்காவும் உண்டு. வாப்பாட வாப்பா அந்தப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “கடகத்தக் கொண்டா புள்ள” என்று மட்டும் சொல்லுவார். அளக்கும்போது கதைக்கக் கூடாது என்ற வழக்கத்துக்கு இன்னொரு பயனும் இருந்ததைப் பின்னாளில்தான் விளங்கிக்கொண்டேன். யாருக்கு எவ்வளவு என்று யாரும் சத்தமாகச் சொல்லாத களத்தில், வாங்குகிறவருக்கு வெட்கமில்லை.

இப்போது களம் இல்லை. வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கி, அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டையாகவே தருகிறது. வரம்பில் லொறி நிற்கிறது. ஈர நெல் அப்படியே வியாபாரியிடம் போகிறது. உழவருக்குக் கிடைப்பது துண்டில் எழுதிய ஒரு தொகை. அதிலும் உரக்கடைக் கடன், மெசின் கூலி, வட்டி என்று கழிந்து போகிறது. இதில் உழவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ‘அறுவடை நாளில்’ என்ற அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருந்த இடம், அந்த ஓரம், அந்தக் கடகம் எல்லாம் மெசினோடு போய்விட்டன. பறக்கத்து களத்திலிருந்து இறங்கி வாய்ச் சொல்லாக மட்டும் மிஞ்சிய கதையில் இதுவும் ஒரு காரணம்.

தர்ஜமா தந்ததும் எடுத்ததும்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு வாசிப்பு பிறந்தது. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். நம் பிள்ளைகள் நவீன கல்வி கற்க வேண்டும் என்று அலைந்து பாடுபட்டார். அவரைச் சீர்திருத்தவாதியாகவும், 1885இல் வந்த ‘அஸன்பே சரித்திரம்’ நாவலின் ஆசிரியராகவும் நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் 1892இல் ‘ஞானதீபம்’ என்ற இதழை நடத்தியவரும், 1897இல் மெய்ஞ்ஞான நூலான ‘அஸ்ராருல் ஆலம்’ எழுதியவரும் அவரேதான். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் ஒரு பக்கம், உள்ளத்தின் இரகசியம் இன்னொரு பக்கம் என்று அவருக்குள் பிரிவினை இருக்கவில்லை. அந்த ஒற்றுமை அவருக்குப் பிறகு நம்மிடம் நிலைக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் அ.கா. அப்துல் ஹமீத் பாகவி அவர்களின் தர்ஜமா வந்தது. 1929இல் அதன் முதற்பகுதி வெளியாயிற்று, 1940களில் முழுமையடைந்தது. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் என்பது அவர் பெயரிலேயே இருக்கிறது. நம் நாட்டு ஆலிம்கள் பலரும் அங்கே ஓதித்தான் வந்தார்கள். 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா தொடங்கியதும் சமகாலக் கல்வியோடு மார்க்கத்தைப் படித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். நம் வட்டாரத்திலும் பள்ளிக்கூடங்கள் பெருகி, தமிழ் எழுத்தில் சரளமாக வாசிக்கும் தலைமுறை வந்தது. அரபுத் தமிழ் கிதாபுகள் பெட்டிக்கடியில் போய்விட்டன.

தர்ஜமா தந்தது பெரிய கொடை. லெப்பையிடம் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்ற நிலை மாறி, எந்தப் பெண்ணும் எந்த உழவனும் குர்ஆனின் கருத்தைத் தானே வாசிக்கலாம் என்றாயிற்று. ஆதாரமில்லாத வழக்கங்களைக் கேள்வி கேட்கும் துணிவும் அதனால்தான் வந்தது. அதை யாரும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு இழப்புகள் நேர்ந்தன. உள்ளத்தைப் பற்றிய பேச்சையெல்லாம் ஒரு கூட்டத்தின் சொத்தாகவும், சட்டத்தைப் பற்றிய பேச்சை இன்னொரு கூட்டத்தின் சொத்தாகவும் ஆக்கிக்கொண்டோம். ‘கல்பு’ என்றால் ஒரு கட்சி, ‘ஹதீஸ்’ என்றால் மறுகட்சி. இந்தப் பிளவு கிழக்கிலே, காத்தான்குடியில், 2004லும் 2006லும் வன்முறையாகவே வெடித்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது நமக்குத் தலைகுனிவு. அடுத்த இழப்பு, தனி வசனம். முழு ஸூராவையும் வரிசையாக ஓதி வளர்ந்தவருக்கு முன்னும் பின்னும் தெரியும். துண்டு வசனத்தைப் படமாக்கி அனுப்புகிறவருக்கு அது தேவையில்லை. அந்தத் துண்டு வசனம்தான் இன்றைய ‘செல்வ ஈர்ப்பு’ வாசிப்பின் மூலப்பொருள்.

முன்னும் பின்னும்

உதாரணத்துக்கு இரண்டைப் பார்ப்போம்.

இரவில் ஸூரா அல்வாகிஆ ஓதினால் வறுமை அண்டாது என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. அதற்குச் சொல்லப்படும் அறிவிப்பைப் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஸூரா என்ன பேசுகிறது? 63ஆம் வசனத்திலிருந்து, விதைக்கிறவனை நிறுத்தி, இதை முளைப்பித்தது நீயா நானா என்று இறைவன் கேட்கிறான். நாடினால் அதைச் சருகாக்கியிருக்க முடியும் என்கிறான். பிறகு குடிக்கும் தண்ணீரைக் காட்டி, மூட்டும் நெருப்பைக் காட்டி, அதே கேள்வி. 1957 டிசம்பர் வெள்ளத்தையும், 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும் கண்ட மட்டக்களப்பாருக்கு இந்த வசனங்களுக்கு விளக்கவுரையே தேவையில்லை. ஒரே இரவில் எல்லாம் சருகானதைக் கண்ணால் கண்டவர்கள். காசு வரட்டும் என்று அந்த ஸூராவை ஓதுகிறவரிடம், வந்தது யாருடையது என்று அந்த ஸூராவே கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியவருக்கு வறுமை பற்றிய பயம் குறைவது இயல்புதான். அந்தப் பொருளில் பார்த்தால் எங்கட உம்மம்மாவின் நம்பிக்கை வீண்போகவில்லை.

அடுத்தது ஸூரா அத்தலாக்கின் 2ஆம், 3ஆம் வசனங்கள். அல்லாஹ்வைத் தக்வா கொள்பவருக்கு அவன் ஒரு வழியைத் திறப்பான், நினையாத புறத்திலிருந்து ரிஸ்க் அளிப்பான் என்ற வாக்குறுதி அங்கே இருக்கிறது. கடைச் சுவர்களிலும் கைத்தொலைபேசிகளிலும் இன்றைக்கு மிகுதியாகப் பரவும் வசனம் இதுதான். ஆனால் ஸூராவின் பெயரே தலாக். மனைவியை விலக்குகிறவன் இத்தாவைக் கணக்கிட வேண்டும், அவளை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது, சேர்ந்தாலும் பிரிந்தாலும் முறையோடு செய்ய வேண்டும், நீதியான இருவரைச் சாட்சி வைக்க வேண்டும் என்ற கட்டளைகளுக்கு நடுவில்தான் அந்த வாக்குறுதி வருகிறது. பின்னால், அவளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் எப்படித் தாபரிப்பது என்று தொடர்கிறது. காதி நீதிமன்ற வாசலில் தாபரிப்புக் காசுக்காக மாதாமாதம் வந்துபோகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு அந்த வசனத்தை ஓதிப் பாருங்கள். அந்தக் காசைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறவர் தன் கடையில் அதே வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், அவர் ஓதியது எதை?

இந்த இரண்டாவது வசனத்தின் திறவுகோல் ‘தக்வா’ என்ற சொல். தமிழில் பயபக்தி என்றும் இறையச்சம் என்றும் மொழிபெயர்த்து வந்திருக்கிறோம். 1980இல் முழுமையாக வெளிவந்த தன் ஆங்கிலத் தர்ஜமாவில் முஹம்மத் அஸத் அதை இறையுணர்வு என்ற கருத்தில் பெயர்த்தார். தஃப்ஸீர் நூல்களில் ஓர் உரையாடல் அறிவிக்கப்படுகிறது. தக்வா என்றால் என்ன என்று உமர் (ரழி) அவர்கள் கேட்க, உபை இப்னு கஅப் (ரழி) அவர்கள் முள்ளுள்ள பாதையில் நடந்ததுண்டா என்று திருப்பிக் கேட்கிறார்கள். நடந்திருக்கிறேன், உடுப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கவனமாக நடந்தேன் என்று உமர் சொல்ல, அதுதான் தக்வா என்கிறார்கள். நாயுண்ணிமுள்ளும் ஈச்சமுள்ளும் நிறைந்த நம் காட்டு வழிகளில் சாரத்தைத் தூக்கிப் பிடித்து நடந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். பயமும் உணர்வும் அங்கே ஒன்றுதான். அடுத்த அடியை எங்கே வைக்கிறோம் என்ற கவனம். அல்பகராவின் தொடக்கத்தில், இவ்வேதம் தக்வா உள்ளவர்களுக்கு வழிகாட்டி என்று சொன்ன உடனேயே, அவர்கள் தங்களுக்குத் தரப்பட்டதிலிருந்து செலவு செய்வார்கள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளுணர்வுக்கும் செழிப்புக்கும் உள்ள தொடர்பு வேதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. அது சேர்ப்பதன் வழியாக வருவதல்ல.

இரண்டு பெருக்கங்கள்

அம்ம ஜுஸ்உவில் ஓதப்பள்ளிப் பிள்ளை பாடமாக்கும் இரண்டு சிறு ஸூராக்கள் உண்டு. 102ஆவது அத்தகாஸுர்; 108ஆவது அல்கவ்ஸர். இரண்டு பெயரும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. அந்த வேருக்கு அதிகம், மிகுதி என்று பொருள். தகாஸுர் என்பது, அவனைவிட எனக்கு அதிகம் வேண்டும் என்று ஒருவரோடொருவர் போட்டியிடுவது. கவ்ஸர் என்பது அளவற்ற நன்மை என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் விளக்கம் சொன்னார்கள். மறுமையில் நபி (ஸல்) அவர்களுக்கு உரிய நீர்நிலையும் அதனுள் அடங்கும்.

கவ்ஸர் எப்போது இறங்கியது என்பதையும் தஃப்ஸீர்கள் சொல்கின்றன. நபி (ஸல்) அவர்களின் ஆண்மக்கள் சிறுவயதில் மறைந்தபோது, இவருக்கு வாரிசில்லை, சந்ததி அறுந்தவர் என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள். பிள்ளையைக் கபுறில் வைத்த தகப்பனைப் பார்த்து, உமக்கு மிகுதியைத் தந்துவிட்டோம் என்று சொல்லப்பட்ட ஸூரா அது. அடுத்து வருவது தொழுகையும் குர்பானியும் பற்றிய கட்டளை. கிடைத்ததைக் கொடுப்பதற்கான கட்டளை. கைக்குள் ஒன்றுமில்லாத வேளையிலும் உண்டு என்று சொல்லப்படும் செழிப்பு அது.

தகாஸுரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. குறைஷிகளின் இரு கிளையார் தங்களில் யாருக்கு ஆள்பலம் அதிகம் என்று போட்டி போட்டார்களாம். உயிரோடு உள்ளவர்களை எண்ணி முடித்து, மையவாடிக்குப் போய்க் கபுறுகளையும் எண்ணினார்களாம். கபுறடியைச் சந்திக்கும் வரையில் இந்தப் போட்டி மக்களைப் பராக்காக்கியது என்ற கருத்திலான வசனத்தை இந்தச் செய்தியோடு சேர்த்து விளக்குவோர் உண்டு. இறந்துபோகும் வரை என்று பொருள் கொள்வோரும் உண்டு.

மஜ்மா நகர்

இந்த இடத்தில் நான் மீண்டும் ஓட்டமாவடிக்கு வரவேண்டும்.

2020இல் கொரோனா வந்தபோது, அந்த நோயில் இறந்தவர்களின் உடல்களை எரிக்கத்தான் வேண்டும் என்று இலங்கை அரசு கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது மாறவில்லை. பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. முதலில் இரணைதீவைச் சொன்னார்கள். அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். பிறகு, ஓட்டமாவடிக்கு அப்பால் சூடுபத்தினசேனையில் உள்ள மஜ்மா நகர் தெரிவாயிற்று. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் அங்கே அடக்கப்பட்டன. ஒரு வருடம் முழுக்க, நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்குதான் கொண்டுவர வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் அந்த விதி நீங்கியபோது, அங்கே 3,634 பேர் இருந்தார்கள். அவர்களில் 2,992 பேர் முஸ்லிம்கள். மற்ற அறுநூறுக்கும் மேற்பட்டோர் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காகச் சமூகங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

மஜ்மா நகர் பணக்கார ஊரல்ல. மாடும் பயிரும் கூலியும் நம்பி வாழும் குடும்பங்கள். அந்தக் காணி அவர்களுடைய வாழ்வோடு ஒட்டியது. விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பாதிராத்திரியில் அம்புலன்ஸ் வரும்போது குழி தயாராக வைத்திருந்தவர்கள், தூர ஊர்களிலிருந்து வந்து தூரத்திலேயே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள், யாரென்றே தெரியாத ஜனாஸாவுக்குத் தொழுகைக்கு நின்றவர்கள் எல்லாம் இந்தப் பிரதேசத்தவர்கள்தான். அவர்களில் ஒருவரிடம், அந்நேரம் மனசு எப்படி இருந்தது என்று கேட்டேன். “என்னத்தச் சொல்ற காக்கா. எங்கட ஊருக்கு அல்லா ஒரு வேலயத் தந்தான், செஞ்சோம். அவ்வளவுதான்.” பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதுல பறக்கத்து இருக்கு” என்றார்.

அளக்கும்போது கேட்ட அந்தச் சொல்லைப் பல வருடத்துக்குப் பிறகு அதற்குரிய இடத்தில் கேட்டேன். காணி குறைந்திருக்கிறது. காசு ஒன்றும் வரவில்லை. அவர் அதைப் பறக்கத்து என்கிறார். தர்ஜமா வாசித்துத்தான் சொன்னாரா, பரம்பரையாகக் கேட்டுச் சொன்னாரா என்று தெரியாது. இரண்டிலும் இது இருக்கிறது.

அந்தக் கபுறடியில் கபுறுகளுக்கு இலக்கம் இட்டிருக்கிறார்கள். உறவுகள் இலக்கத்தைக் கேட்டுத்தான் தேடிப் போகிறார்கள். எங்களுடையவர்கள் எத்தனை, அவர்களுடையவர்கள் எத்தனை என்று நானும் மேலே எண்ணிச் சொன்னேன். வரலாற்றுக்கு அது தேவை, அநியாயத்துக்குச் சாட்சியாகவும் அது தேவை. ஆனால் கபுறுகளை எண்ணிப் பெருமை பேசியவர்களைப் பற்றி ஒரு ஸூராவே இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. இந்த எண்ணிக்கை நாளைக்கு ஒருவனுடைய மேடைப்பேச்சுக்குப் பொலியாகிவிடக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிற நான்கு மதத்தவர்களையும் அங்கே ஏற்றுக்கொண்டது இந்த ஊர் மண்.

இனி

ஸூரா அத்தகாஸுர், அந்நாளில் அருட்கொடைகளைப் பற்றி நிச்சயமாக விசாரிக்கப்படுவீர்கள் என்று முடிகிறது. நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர், உமர் (ரழி) ஆகிய இருவரும் பசியோடு வெளியே வந்து, ஓர் அன்ஸாரியின் தோட்டத்தில் பேரீச்சம்பழமும் இறைச்சியும் உண்டு தண்ணீர் குடித்த பிறகு, இதைப் பற்றியும் கேட்கப்படும் என்று நபியவர்கள் சொன்னதாக முஸ்லிம் கிரந்தத்தில் அறிவிப்பு உண்டு. பசி தீர்ந்த ஒரு வேளையையே அவர்கள் மிகுதியாக எண்ணினார்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஓதக் கொடுக்கும்போது கருத்தையும் கொடுப்போம். கருத்தைக் கொடுக்கும்போது முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் கொடுப்போம். பெட்டிக்கடியில் கிடக்கும் அரபுத் தமிழ் கிதாபுகளைச் செல்லரிக்கும் முன் வெளியே எடுத்து, வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே வாசித்துப் பதிவு செய்வோம். களம் திரும்பி வராது. ஆனால் லொறிக்காரர் துண்டைத் தரும் அந்த வரம்பிலேயே, பத்திலொன்றோ இருபதிலொன்றோ, அன்றைக்கே பிரித்து வைக்கும் பழக்கத்தை ஒவ்வொரு பள்ளி மஹல்லாவும் மீண்டும் தொடங்கலாம். அதற்கு மெசின் தடையில்லை.

எனக்கு வயல் இல்லை. சம்பளம் வருகிற நாளில் முதலில் பிரிக்கிற தொகையை இப்போது நானும் ‘ஒண்டு’ என்று எண்ணுவதில்லை. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஏன் என்று ஒருநாள் கேட்பார்கள்.